புது ஃபவுலர் கிட்டுக்குக் காத்திருக்கலாமா?

பென்சில்வேனியாவில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டு ஃபவுலர், அதாவது பறவை வேட்டைக்கென்றே செய்த சக்கிமுக்கித் துப்பாக்கி, அதை வீட்டிலேயே கட்டிக்கொள்ள ஒரு புது கிட், அதாவது பாகங்களின் தொகுப்பு, வரப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறதாம். அவருக்கு மரவேலை ஓரளவு தெரியும், துப்பாக்கி கட்டிப் பழக்கமில்லை. கிட் வரும்வரை காத்திருப்பதா, இப்போதே பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஆரம்பிப்பதா, கட்டி முடித்தால் அதை வைத்து வாத்து வேட்டைக்குப் போகலாமா என்று மூன்று கேள்விகள்.

காத்திருங்கள். முதல் துப்பாக்கி என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

ஃபவுலரின் குழலைப் பார்த்தால் காரணம் புரியும். பின்பக்கம் எட்டுப் பட்டை, அப்புறம் மோதிரம் போல ஒரு வளையம், அதைத் தாண்டினால் உருண்டை, அங்கிருந்து வாய் வரைக்கும் மெலிந்துகொண்டே போகும். நீளம் 42 அங்குலம், 46 அங்குலம் எல்லாம் சாதாரணம். ஹட்சன் பள்ளத்தாக்கில் டச்சுக் குடியேறிகள் வைத்திருந்த ஃபவுலர்களை நிறுத்தி வைத்தால் ஆள் உயரத்தைத் தாண்டும். குழல் நீண்டால்தான் கரிமருந்து என்ற பழைய வெடிமருந்து முழுதாக எரிந்து ரவை, அதாவது சின்னச் சின்ன குண்டுகள், தூரம் போகும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். 1787ல் லண்டனில் துப்பாக்கி செய்பவரான ஹென்றி நாக், மருந்து எரிகிற குழலின் பின்முனைக்குப் புது மாதிரி அமைப்புக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் குழல்கள் குட்டையாக ஆரம்பித்தன. மெலிந்துகொண்டே போகிற இவ்வளவு நீளக் குழலை மரத்தில் இடைவெளி தெரியாமல் உளியால் பதிப்பது தேர்ந்தவர்களுக்கே பல நாள் வேலை. கணினி இயக்கும் சிஎன்சி மெஷினில் வெட்டி வரும் கிட்டில் அந்தப் பகுதி முடிந்தே வந்துவிடும். ஓஹையோவில் கிப்ளர் நிறுவனம் நீள ரைஃபிள்களுக்கு அப்படித்தான் கிட் விற்கிறது. குழல் போய் உட்கார்கிற நேர்த்தியைப் பார்த்தவர்கள் பழைய முறைக்குத் திரும்ப மனம் வராமல் இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் காத்திருக்கிற காலத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. ரைஃபிளில் குறிபார்க்கக் குழலின் மேல் பின் குறி, முன் குறி இரண்டும் உண்டு. தோளில் வைக்கிற மரக் கட்டை உங்களுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டாலும் கழுத்தை வளைத்துக் குறியைச் சேர்த்துவிடலாம். ஃபவுலரில் பின் குறி கிடையாது, வாய்ப்பக்கம் ஒரு சின்னப் பித்தளைப் பொட்டு மட்டும். உங்கள் கண்தான் பின் குறி. கன்னம் கட்டையில் எங்கே உட்காருகிறதோ அதைப் பொறுத்துத்தான் ரவை மேலேயும் கீழேயும் போகும். அதனால் இப்போதே ஒரு கிளப்பில் நண்பர்களின் ஷாட்கன்களை, காலியாக இருப்பதை நீங்களே பார்த்து உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடித் தோளில் தூக்கி வைத்துப் பாருங்கள். கண்ணைத் திறந்ததும் பொட்டு நேராகத் தெரிந்தால் அந்தக் கட்டை உங்களுக்கானது. குழலின் மேற்கோட்டில் இருந்து கட்டை எவ்வளவு தாழ்கிறது, விசையில் இருந்து கட்டையின் தோள்பக்க அடிவரை எவ்வளவு நீளம் என்று இரண்டு அளவையும் குறித்து வையுங்கள். கிட்டின் அளவுகள் வெளிவந்ததும் நீங்கள் முதலில் ஒப்பிட வேண்டியது இதைத்தான், மரத்தின் வரி அழகை அல்ல. நீளம் அதிகமென்றால் அடியில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம், தாழ்வு தவறென்றால் திருத்துவது கஷ்டம்.

துளை அளவைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். 20 கேஜ் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் 20 உருண்டை வார்க்கும் அளவு, துளை சுமார் 0.62 அங்குலம். ரவைக்கும் ஒற்றை உருண்டைக்கும் இரண்டுக்குமே அது போதும், துப்பாக்கியும் கனக்காது. இந்த இரட்டைப் பயன்தான் ஃபவுலரைக் குடியேறிகளின் வீட்டுத் துப்பாக்கி ஆக்கியது. அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய 1775 ஏப்ரலில் லெக்சிங்டன், கான்கார்டு பக்கம் விவசாயிகள் தூக்கிக்கொண்டு ஓடியவற்றில் ஃபவுலர்கள் நிறைய. வாய்ப்பக்கம் பயனெட் என்ற குத்துக்கத்தி மாட்டுவதற்காக, குழலைத் தாங்கும் முன்மரத்தை வெட்டிக் குறைத்த தடம் சில பழைய துப்பாக்கிகளில் இன்றும் தெரியும்.

வாத்து விஷயத்துக்கு வருகிறேன். சுடலாம், ஆனால் ஈய ரவை கூடாது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் அமெரிக்கா முழுவதும் 1991ல் இருந்து தடை. எஃகு ரவையை மென்மையான, மெல்லிய குழலில் நேராகப் போட்டால் உள்சுவரைக் கீறிவிடும். பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை விலை அதிகம்தான், இருந்தாலும் இந்த மாதிரிக் குழலுக்கு அதுவே நல்லது; குழல் செய்தவரின் பரிந்துரையை மீறாதீர்கள். மருந்து கரிமருந்து மட்டும். புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை கூடப் போகக் கூடாது, குழல் வெடித்துவிடும்.

சட்டமும் பாருங்கள். 1968ன் மத்தியச் சட்டப்படி இந்த வகை வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி பழம்பொருள் கணக்கில் வருகிறது, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் இதையும் துப்பாக்கியாகத்தான் பார்ப்பார்கள். இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்கள் கிட்டை வரவழைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், 1959 ஆயுதச் சட்டத்தில் நாட்டுத் துப்பாக்கிக்கே உரிமம் வேண்டும், கட்டுவதற்கும் தனி உரிமம்.

இனி பயிற்சி. மெஷின் விட்டுவைக்கிற கொஞ்ச வேலைதான் துப்பாக்கியின் முகத்தைத் தீர்மானிக்கும். கல்லைத் தட்டிப் பொறி உண்டாக்கும் விசைப்பூட்டைச் சுற்றி மரத்தில் ஒரு தட்டையான மேடை இருக்கும், அதன் விளிம்பு கத்தி மாதிரிக் கூர்மையாக நிற்க வேண்டும். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் பத்து நிமிடத்தில் அந்த விளிம்பு சோப்புக்கட்டி போல உருண்டுவிடும், அப்புறம் திரும்ப வராது. தாளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கட்டை வைத்துத் தேய்க்கப் பழகுங்கள். சாயத்துக்கு மேப்பிள் துண்டுகள் பத்து வாங்கி இரும்பு நைட்ரேட் கரைசல் பூசிப் பாருங்கள்: காயும்போது அழுக்குப் பச்சையாக நின்று பயமுறுத்தும், சூடான காற்றைக் காட்டியதும் கண்ணெதிரே செம்பழுப்பாக மாறும். அது அமிலம், ஆவி மூக்கில் ஏறும், அதனால் வெளியில் வைத்துச் செய்யுங்கள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மேலே ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக. வால்நட் எடுத்தால் இந்தச் சாயமே பெரும்பாலும் தேவைப்படாது.

பெட்டி வந்த அன்றைக்கே உளியை எடுக்காதீர்கள். மரம் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் விடுங்கள், குளிரில் ஹீட்டர் ஓடுகிற வீடென்றால் இன்னும் அவசியம். முன்மரம் சில இடங்களில் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடக் கனம் இருக்காது. என் முதல் கட்டையைக் குழல் இல்லாமல் பின்பக்கம் பிடித்துத் தூக்கினேன், முன்பக்கம் தொங்கி ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியது. அன்றில் இருந்து குழலை உள்ளே வைத்துத்தான் கட்டையைத் தொடுகிறேன். குழலை மரத்தோடு பிணைக்கிற ஊசிகள் போகும், குழலின் அடியில் உள்ள காதுகளில் துளையைக் குழல் வாக்கில் கொஞ்சம் நீட்டிவிடுங்கள். மரம் ஈரத்தில் நீளும், குழல் நீளாது. நகர இடம் இல்லையென்றால் ஊசி இருக்கும் இடத்தில் மரம் பிளக்கும்.

அப்புறம், சக்கிமுக்கிக் கல் ஒரு டஜன் இப்போதே வாங்கி வையுங்கள். இங்கிலாந்தின் பிராண்டன் பக்கத்துக் கறுப்புக் கல்லும் பிரெஞ்சு தேன்நிறக் கல்லும் இரண்டிலும் பாதி எடுத்து, தோலில் சுற்றிக் குதிரையில், அதாவது பூட்டில் கல்லைப் பிடிக்கும் தாடையில், கடிக்கவிட்டு, மருந்தில்லாமல் இருட்டறையில் பொறியைப் பாருங்கள். எது உங்கள் பூட்டில் கொழுத்த பொறி தருகிறதோ அதையே தொடர்ந்து வாங்குங்கள்.