வீட்டுக்குள் காற்று வர வழி: கடலூர், புதுவை வாசகர்களுக்கு ஒரு கட்டடப் பொறியாளரின் பதில்கள்

கேள்வி (மஞ்சக்குப்பம்): சார், ஹாலில் கிழக்குச் சுவரிலேயே இரண்டு பெரிய ஜன்னல். மத்தியானம் கடற்காற்று நன்றாக வீசுகிறது, உள்ளே மட்டும் புழுக்கம். ஏன்?

பதில்: காற்று உள்ளே வர வேண்டுமானால் வெளியே போகவும் வழி வேண்டும். மேற்குப் பக்க அறையின் ஜன்னலைத் திறந்து, இடையில் இருக்கும் கதவு அடித்துச் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுங்கள். அப்புறம் கிழக்கு ஜன்னல் பக்கம் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை சாய்ந்து உள்பக்கம் ஓடினால் சரி. நேராக மேலே எழுந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது. பழைய வீடுகளில் மேலே வெண்டிலேட்டர் வைத்தார்கள், சூடான காற்று ஏறி அதன் வழியே போய்விடும். இன்றைக்கு அதைக் கண்ணாடி போட்டு அடைப்பதையும் லாஃப்ட் சாமானால் மறைப்பதையும் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

கேள்வி (முத்தியால்பேட்டை): ஜன்னலைத் திறந்தால் கொசு. அதனால் சாத்திவிட்டுக் கொசுவத்தி ஏற்றுகிறோம். குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை.

பதில்: அம்மா, முதலில் கொசுவத்தியை நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதையும் சாத்திய அறையில் ஏற்றினால் அவ்வளவும் குழந்தையின் நெஞ்சுக்குத்தான் போகும். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். ஜன்னல் வலையில் தூசி அடைத்தால் காற்று வராது, அவ்வப்போது கழுவி விடுங்கள். இருமலை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி (குடிகாடு): சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து சில ராத்திரிகளில் ரசாயன வாடை. திறப்பதா, சாத்துவதா?

பதில்: வாடை வரும்போது சாத்துங்கள். காற்று திசை மாறியதும் எல்லாவற்றையும் அகலத் திறந்து விடுங்கள். ஏர் பியூரிஃபயர் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: ஹெப்பா ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், வாயுவுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் (வாயுவை ஈர்த்துக்கொள்ளும் கரி) ஃபில்டர் தனியாக வேண்டும். நாள், நேரம், காற்றடித்த திசை மூன்றையும் நோட்டில் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுங்கள். இது நீங்கள் ஜன்னலைச் சாத்தித் தீர்க்க வேண்டிய பிரச்சினை இல்லை.

கேள்வி (லாஸ்பேட்டை): எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் தாளிப்பு நெடி ஹாலுக்கு வருகிறதே?

பதில்: ஃபேனை ஒட்டிய ஜன்னல் திறந்திருக்கும், பாருங்கள். ஃபேன் அந்தக் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதைச் சாத்தி, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): ஏசி அறையில் தூங்கி எழுந்தால் தலை கனக்கிறது.

பதில்: ஸ்பிளிட் ஏசி இருக்கிற காற்றையே சுற்றவிடும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. சாத்திய அறையில் மூன்று பேர் தூங்கினால் விடிவதற்குள் 1,000ஐத் தாண்டிவிடும். கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், கரண்டு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

கேள்வி (வில்லியனூர்): பாத்ரூமுக்குள் கேஸ் கீசர். சின்ன ஜன்னல் ஒன்று உண்டு, போதுமா?

பதில்: போதாது. காற்று போதாமல் கேஸ் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது, குளிக்கும்போதே மயக்கம் போட்டு உயிரை எடுத்துவிடும். கீசரை வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். மாற்றும் வரை ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, உள்ளே காற்று மாறிய பிறகே யாரும் குளிக்கப் போக வேண்டும்.