வீட்டில் காய்கறி, பழம் வளர்க்கப் பசுமைக்குடில் வேண்டுமா, கோல்ட் ஃப்ரேம் போதுமா?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, குளிர்காலத்தில் உறைபனி விழும், பசுமைக்குடில் போடலாமா, இல்லை கோல்ட் ஃப்ரேமே போதுமா, எதில் என்ன விளையும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: முதலில் கோல்ட் ஃப்ரேம், அதாவது ஒளி ஊடுருவும் மூடி போட்ட, சூடேற்றாத தாழ்ந்த பெட்டி. ஒரு குளிர்காலமும் ஒரு வசந்தமும் அதோடு பழகிவிட்டு அப்புறம் குடிலைப் பற்றி யோசியுங்கள். மூடிய இடத்தில் செடி வளர்ப்பவர் கற்க வேண்டிய பெரிய பாடம் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான். அதை அந்தச் சின்னப் பெட்டி சீக்கிரமே கற்றுக்கொடுத்துவிடும்.

பெட்டி செய்வது எளிது. அடிப்பலகை கிடையாது, மண்மேல் அப்படியே உட்கார வேண்டும். பின்பக்கம் 45 செ.மீ., முன்பக்கம் 30 செ.மீ. உயரம் வைத்தால் மூடி சாய்வாக நிற்கும், மழைநீர் வழிந்துவிடும், தாழ்ந்து வரும் குளிர்காலச் சூரியனின் ஒளியும் நன்றாக விழும். சாய்வு வட அரைக்கோளத்தில் தெற்கையும், தென் அரைக்கோளத்தில் வடக்கையும் பார்க்க வேண்டும். அகலம் உங்கள் கை எட்டும் தூரத்துக்கு மேல் போக வேண்டாம். மூடிக்குப் பழைய ஜன்னல் கதவைப் போடலாம். ஆனால் மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, அது உரிந்து கீரைப் பாத்தியில் விழக்கூடாது. என் விருப்பம் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட், அதாவது நடுவில் காற்று இடைவெளி உள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு. உடையாது, இரவில் சூட்டையும் ஓரளவு பிடித்துவைக்கும். எடை குறைவு என்பதால் காற்றில் பறக்காமல் இருக்கக் கொக்கி மட்டும் கட்டாயம் போடுங்கள்.

இந்த யோசனை மிகப் பழையது. ரோமப் பேரரசர் டைபீரியஸுக்குத் தினமும் வெள்ளரிக்காய் வேண்டும். அதற்காகச் சக்கரம் வைத்த பாத்திகளில் கொடிகளை வளர்த்து, வெயிலில் வெளியே தள்ளிவைத்து, குளிர் வந்தால் ஒளி ஊடுருவும் கல் தகடுகளுக்குக் கீழே கொண்டுபோவார்கள் என்று முதலாம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கண்ணாடி அபூர்வமாக இருந்த அந்தக் காலத்திலும் வெளியே, உள்ளே என்று செடியை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏன் உள்ளே சூடாகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அமெரிக்க இயற்பியலாளர் ஆர்.டபிள்யூ. வுட் 1909இல் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்துப் பார்த்தார். ஒன்றுக்கு, வெப்பக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு, வெப்பக் கதிரை வெளியே விட்டுவிடும் பாறை உப்பில் செய்த மூடி. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே சூடுதான் இருந்தது. ஆக, சூடான காற்று மேலே எழுந்து தப்பிப் போக முடியாததுதான் வெப்பம் தங்குவதற்கு முக்கியக் காரணம். ஒரு சாண் அளவு திறந்தாலே உள்ளே நிலைமை மாறிவிடுவதும் இதனால்தான்.

புதிதாக ஆரம்பிப்பவர்களின் நாற்றுகளைக் குளிரை விடச் சூடுதான் அதிகம் கொல்கிறது. வெளியே 10 டிகிரி செல்சியஸ்தான், ஆனால் வானம் தெளிந்து வெயில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பெட்டிக்குள் மதியத்துக்குள் 30 டிகிரியைத் தாண்டிவிடலாம். லெட்யூஸ், பாலக் போன்றவை அதில் வாடிப்போகும். ஆகவே வெயில் வந்த காலையில் மூடிக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். வெயில் சாய்வதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே மூடிவிட்டால் அன்றைய சூடு மண்ணில் தங்கும். உச்சமும் தாழ்வும் காட்டும் வெப்பமானி ஒன்றை உள்ளே நிழல்படும் இடத்தில் வையுங்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் மெழுகு உருளையால் இயங்கும் தானியங்கித் திறப்பான் கிடைக்கிறது. சூட்டில் மெழுகு விரிந்து மூடியைத் தூக்கும், ஆறினால் இறக்கும். மின்சாரமே வேண்டாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி அதுதான்.

இரவில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சூடேற்றாத பெட்டி வெளியே இருப்பதை விடச் சில டிகிரிதான் கூடக் கொடுக்கும். மேகமில்லாத இரவில் வெப்பம் வானத்துக்குப் போய்விடுவதால் அன்று மட்டும் மூடியின்மேல் பழைய போர்வையோ சாக்கோ போட்டு, காலையில் எடுத்துவிடுங்கள்.

என்ன போடலாம்? லெட்யூஸ், பாலக், முள்ளங்கி, வெங்காயத்தாள், கொத்தமல்லி எல்லாம் சுகமாக வளரும். காலக்கணக்கு மட்டும் முக்கியம். பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போய்விட்டால் கீரைகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். நீங்கள் என்ன சூடு கொடுத்தாலும் ஒளி போதாது. ஆகவே இலையுதிர் காலத்திலேயே விதைத்து, இருட்டு நாட்கள் வரும்போது செடி முக்கால்வாசி வளர்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெட்டி அதை அழியாமல் காத்து வைத்திருக்கும், தேவைப்பட்டபோது பறிக்கலாம். வசந்தத்தில் அதே பெட்டி வேறு வேலைக்கு வரும். வீட்டுக்குள் முளைக்கவைத்த தக்காளி, மிளகாய் நாற்றுகளை நேரே வெளியே நட்டால் காற்றும் வெயிலும் இலையைக் கருக்கிவிடும். 7 முதல் 10 நாள் வரை பெட்டியில் வைத்து, தினமும் மூடியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, கடைசி இரவுகளில் முழுதாகத் திறந்துவிட்டு நாற்றைக் கடினப்படுத்துங்கள்.

இதெல்லாம் பழகிய பிறகும் தக்காளி, வெள்ளரி, கத்தரி நிறைய வேண்டும், நின்று வேலை செய்ய இடம் வேண்டும் என்றால் பசுமைக்குடில் போடுங்கள். முடிந்த அளவு பெரிதாகவே போடுங்கள். உள்ளே காற்று அதிகம் இருந்தால் வெப்பம் சட்டென்று ஏறி இறங்காது. வாங்கும்போது ஜன்னல்களைப் பாருங்கள். திறக்கும் பரப்பு தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருப்பது நல்லது, அதில் கூரைத் திறப்பு அவசியம். விற்பனைக்கு வரும் சின்னக் குடில்கள் பலவற்றில் கூரையில் ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கும். இன்னொன்று கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். காற்றோட்டம் சூட்டைத் தணிப்பதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மூடிய குடிலில் வெயில் நேரத்தில் செடிகள் கரியமில வாயுவை உறிஞ்சி அதன் அளவையே குறைத்துவிடும். ஈரம் தேங்கினால் நாற்றழுகலும் சாம்பல் பூஞ்சணமும் வரும். அதனால் தண்ணீரைக் காலையில், வேரில் ஊற்றுங்கள். மாலையில் இலையை நனைக்காதீர்கள்.

தக்காளியில் பூ நிறைய வந்து காய்பிடிப்பு இல்லை என்றால் வெப்பமானியைத்தான் முதலில் பாருங்கள். இரவு 13 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும், பகல் 32 டிகிரிக்கு மேலே பல நாள் நின்றாலும் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. வெப்பம் சரியாக இருந்தும் காய்க்கவில்லையென்றால், உள்ளே காற்றும் வண்டும் இல்லாத குறை அது. நடுப்பகலில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். வெள்ளரியில் மகரந்தம் இல்லாமலே காய்க்கும் ரகம் வாங்குங்கள். முலாம்பழத்துக்கு மட்டும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்கள்தான் தடவிவிட வேண்டும்.

பூச்சிகளில் வெள்ளை ஈயும் செஞ்சிலந்தியும்தான் பெரிய தொல்லை. வெள்ளை ஈக்கு என்கார்சியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவியை விடலாம். மருந்து அடித்த இடத்தில் அது பிழைக்காது. செஞ்சிலந்தி வறண்ட சூட்டை விரும்பும், எனவே கடும் வெயில் நாட்களில் காலையில் நடைபாதையை நனைத்து வையுங்கள்.

சூடேற்ற ஹீட்டர் வேண்டுமா என்றால், முதலில் தண்ணீர் டிரம்மை முயன்று பாருங்கள். 200 லிட்டர் தண்ணீர் பகலில் சூடேறி இரவில் 10 டிகிரி ஆறினால் சுமார் 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை உள்ளே விடும். கருப்பு டிரம், வெயில் நேராக விழும் இடம். மேகமூட்டமான வாரத்தில் இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களைப் போலன்றி, குளிரே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்குக் கண்ணாடிக் குடிலே வேண்டாம். பக்கங்கள் திறந்த மழைக்கூரையும் நிழல்வலையும்தான் அங்கே பயன்படும்.

பழங்களில் ஸ்ட்ராபெர்ரி மிகச் சுலபம். தொட்டிச் செடிகள் குளிரை வெளியே அனுபவிக்கட்டும், குளிர்கால முடிவில் உள்ளே கொண்டுவந்தால் சில வாரம் முன்னதாகவே பழுக்கும். பூக்கும்போது குடிலைத் திறந்து தேனீயை விடுங்கள், இல்லையென்றால் பழம் கோணலாகும். எலுமிச்சை, ஆரஞ்சுக்கு உறைபனி படாமல் இருந்தாலே போதும். வெர்சாய் அரண்மனையில் 1680களில் கட்டிய பெரிய ஆரஞ்சுக் கூடமே, தொட்டி மரங்களைக் குளிர்காலத்தில் உள்ளே வைக்கத்தான். பீச் மரம் வேறு மாதிரி. அதற்குக் குளிர் நாட்கள் போதிய அளவு கிடைத்தால்தான் பூக்கும், ஆகவே சூடான குடிலில் அடைக்காதீர்கள். அதற்கு வேண்டியது குளிர்காலக் கடைசியில், மொட்டு வீங்கும் நேரத்தில், மழை படாமல் ஒரு கூரை. இலைச்சுருட்டை நோய்ப் பூஞ்சை மழையீரத்தில்தான் மொட்டுக்குள் நுழையும். பக்கங்களைத் திறந்தே வைத்தால் குளிரும் கிடைக்கும், தேனீயும் வரும்.