கூவை மாவு ஏன் கசக்கிறது?

கேள்வி: பாலக்காட்டிலிருந்து உறவினர் 2 கிலோ கூவைக்கிழங்கு கொண்டுவந்தார். ஆரோரூட் மாவு எடுப்பதுபோலவே மிக்ஸியில் அரைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி, மொட்டைமாடியில் காயவைத்தேன். மாவு மஞ்சளாக இருக்கிறது. கஞ்சி வைத்தால் கசக்கிறது. கிழங்கு சரியில்லையா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: கிழங்கின் மேல் பழி போடாதீர்கள். ஆரோரூட் என்கிற மரந்தா கிழங்கில் கசப்பு கிடையாது, இரண்டு தண்ணீரே போதும். அது இஞ்சிக் குடும்பமும் அல்ல. கூவையோ மஞ்சளுக்குக் காட்டுப் பங்காளி. அந்த நிறமும் எண்ணெயும்தான் கசப்பு. ஐந்தாறு தண்ணீராவது மாற்ற வேண்டும்.

தோல் சீவிய கிழங்கு ஒரு கிலோவுக்கு 4, 5 லிட்டர் பச்சைத் தண்ணீர். மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள், ஜார் சூடேறினால் மாவு வெந்து பசையாகிவிடும். கேரளத்தில் ஆணியால் துளையிட்ட தகரத்தில் தேய்ப்பார்கள்; கை வலிக்கும், ஆனால் சூடேறாது. வேட்டித் துணியில் வடிகட்டி ஆறு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேல் தண்ணீரைச் சாய்த்ததும் வெள்ளை மாவின் மேல் பழுப்பாக ஓர் ஏடு படிந்திருக்கும். அதைக் கரண்டியால் வழித்தெறியாமல் எத்தனை தண்ணீர் மாற்றினாலும் கசப்பு போகாது. நம் ஊர் வெக்கையில் ஒரே தண்ணீரில் நாள் முழுக்க விட்டால் புளித்துவிடும். செம்மண் நிறத்தில் வரும் போர் தண்ணீரும் வேண்டாம், மாவில் கறை ஏறும்.

நீங்கள் காயவைத்த மாவும் வீணில்லை. பச்சைத் தண்ணீரில் கரைத்து, தண்ணீர் தெளிந்து, நாக்கில் வைத்தால் கசக்காமல் போகும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். கிலோவுக்கு 100 கிராம் தேறினாலே நல்ல வரவு.

கஞ்சிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் மாவை 200 மில்லி ஆறிய தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றி, கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறுங்கள். கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும்.

கேள்வி: தொட்டியில் வைத்த கூவை மார்கழியில் பழுத்துக் காய்ந்துவிட்டது. பட்டுப்போனதா?
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: தூங்குகிறது. பறிக்கும் பருவமும் இதுதான். நாம் களி கிண்டும் திருவாதிரைக்குக் கேரளத்தில் கூவைப் பாயசம் வைப்பது சும்மா இல்லை. பறிக்காவிட்டால் தண்ணீரை நிறுத்துங்கள். ‘பாவம், காய்கிறதே’ என்று ஊற்றினால் கிழங்கு அழுகும். கோடை மழைக்கு இலைக்கு முன்பே பூத்தண்டு வந்தால் பயப்படாதீர்கள், அதன் வழக்கம் அது.