உயிர் வலைகளில் சமச்சீர்: சில கேள்விகள், பதில்கள்

லாஸ்பேட்டை கல்லூரி மாணவி: சார், மரபணு வலையில் சமச்சீர் என்றால் படத்தை நடுவில் மடித்துப் பார்ப்பதா?

இல்லைம்மா. படம் கோணல்மாணலாக இருக்கலாம். எந்த மரபணுவிடமிருந்து எந்த மரபணுவுக்கு 'இயங்கு', 'அடங்கு' என்று உத்தரவு போகிறது என்பதுதான் கணக்கு. இரண்டு மரபணுக்களை இடம் மாற்றி எழுதியும் இணைப்புப் பட்டியல் மாறவில்லையா, அவை சமச்சீர். இதைவிடத் தளர்வான வகைதான் உயிரியலில் அதிகம் உதவுகிறது: உள்ளே வரும் உத்தரவுகள், அவற்றுக்கு வரும் உத்தரவுகள் எனப் பின்னோக்கிப் போனால் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். வெளியே அனுப்புவது எப்படியிருந்தாலும் சரி. அப்படிப்பட்ட மரபணுக்கள் ஒரே தாளத்தில் இயங்க முடியும். 2020-ல் மோரோன், லைஃபர், மாக்சே என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஈ.கோலை பாக்டீரியா முதலானவற்றின் மரபணு வலைகளை இந்த வழியில்தான் பிரித்தார்கள்.

கடலூர் முதுநகர் வாசகர்: மீன்பிடி வலையில் நட்சத்திர மீன் சிக்குகிறதே, அதற்கு மூளை எங்கே?

கிடையாது. வாயைச் சுற்றி நரம்பு வளையம், அதிலிருந்து கைக்கு ஒரு நரம்பு. கவிழ்த்துப் பாருங்கள், ஒவ்வொரு கையிலும் நீளமாக ஒரு பள்ளம் ஓடும், நரம்பு அங்கேதான். (உயிரோடு இருந்தால் சீக்கிரம் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.) எந்தக் கையும் முன்னால் போகலாம். ஆனால் கிளம்பும்போது ஏதாவது ஒன்று முந்தியாக வேண்டும், அங்கே சமச்சீர் உடைகிறது.

காலாப்பட்டு ஆய்வு மாணவர்: சமச்சீர் இருந்தால் எல்லாம் ஒன்றாகத்தான் இயங்குமா?

கட்டாயமில்லை. 2000-ல் எலோவிட்ஸ், லைப்ளர் இருவரும் ஈ.கோலைக்குள் மூன்று மரபணுக்களை வளையமாகக் கோத்தார்கள். ஒன்று அடுத்ததை அடக்கும், அது மூன்றாவதை, மூன்றாவது திரும்ப முதலாவதை. வளையத்தைச் சுழற்றினாலும் அப்படியே பொருந்தும், அதனால் சமச்சீர்தான். ஆனாலும் கணக்குப்படி மூன்றும் ஒன்றாக அல்ல, முறைவைத்து ஏறி இறங்கும். செல்லில் சேர்த்திருந்த பச்சைப் புரதமும் அப்படியே ஒளிர்ந்து மங்கி ஒளிர்ந்தது.

நெல்லிக்குப்பம் ஆசிரியை: நரம்புகளிலும் உண்டா?

302 நரம்பு செல்கள் கொண்ட சி.எலிகன்ஸ் புழுவின் இணைப்பு வரைபடம் 1986-ல் வந்தது. பெரும்பாலானவை இட வல ஜோடிகள். ஆனால் உப்பை உணரும் ஒரு ஜோடியில் இடப்பக்கத்துக்குச் சோடியத்தில் கூர்மை, வலப்பக்கத்துக்குக் குளோரைடில். என்னைக் கேட்டால், ஜோடிகளை எண்ணுவதைவிட இப்படி விலகியவற்றைத் தேடுவதே சுவாரசியம்.

அதே ஆசிரியை: பிள்ளைகளுக்கு எங்கே தொடங்கலாம்?

அந்த மூன்று மரபணு வளையத்தைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு அம்புக்குறியைத் திருப்பட்டும். எப்படிச் சுழற்றினாலும் பழையபடி பொருந்தாது. சுற்று அறுந்ததால் அலைவும் நின்றுபோகும்.