நன்னடத்தை அலுவலர் வேலைக்கு மகளை அனுப்பலாமா? குடியாத்தத்து அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் தெரிகின்றன. பெண் பிள்ளைக்கு ஜெயில் வேலையா என்பது ஒன்று. பரோலில் போன கைதி திரும்பி வராவிட்டால் பழி மகள் தலையில் விழுமோ என்பது இன்னொன்று. முதல் பயத்துக்கு அதிகம் இடம் கொடுக்காதீர்கள். இரண்டாவது நியாயமானது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

நன்னடத்தை அலுவலர் சிறைத்துறையில் இருந்தாலும் சிறைக்காவலர் இல்லை. வேலூர் தொரப்பாடி மத்திய சிறையின் சாவிக்கொத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவருடைய பணிக்கு அடிப்படை 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். முதல் முறை தவறு செய்த ஒரு இளைஞனைச் சிறைக்கு அனுப்புவதா, ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தைப் பிணையில் விடுவதா என்று முடிவு செய்யும் முன், நீதிமன்றம் அவனுடைய வீடு, வேலை, சேர்க்கை பற்றி அலுவலரிடம் அறிக்கை கேட்கும். 21 வயதுக்கு உட்பட்டவர் என்றால் அந்த அறிக்கையை நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டும். பிணையில் விட்ட பிறகு அவனைக் கண்காணிப்பதும், தேவைப்பட்டால் வேலை தேடிக்கொள்ள உதவுவதும் சட்டமே அலுவலருக்குக் கொடுத்திருக்கும் கடமைகள். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்கும் உங்கள் மகள் களப்பணியில் இப்போது செய்துகொண்டிருப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

அடுத்தது பரோல். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினி, 2019இல் தன் மகளின் திருமண ஏற்பாட்டுக்காகப் பரோலில் வந்து வேலூர் சத்துவாச்சாரியில் தங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது டிவியில் பார்த்த கூட்டத்தையும் போலீஸ் பாதுகாப்பையும் வைத்து இந்த வேலையை எடை போடாதீர்கள். பெரும்பாலான விடுப்பு (பரோல்) மனுக்கள் யார் கண்ணிலும் படாதவை. தமிழ்நாட்டில் இதற்கென 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள் இருக்கின்றன. நெருங்கிய உறவினரின் சாவு, கடுமையான நோய், கல்யாணம் போன்றவற்றுக்கு அவசரகால விடுப்பு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வீட்டைப் பழுது பார்க்க, விதைப்பு அறுவடையைக் கவனிக்க, குடும்பத் தகராறைத் தீர்க்க என்றெல்லாம் சாதாரண விடுப்பு கேட்கலாம். விடுப்புக்கு முன் காவல்துறையிடமும் நன்னடத்தை அலுவலரிடமும் அறிக்கை கேட்கிறார்கள். அலுவலர் அந்தக் கைதியின் ஊருக்குப் போய் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விசாரிக்க வேண்டும். விடுப்பு கொடுப்பதா, மறுப்பதா என்ற முடிவு சிறைத்துறை அதிகாரிகளுடையது.

உங்கள் இரண்டாவது பயத்துக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கைதி திரும்பாமல் போனால் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் எந்தத் தேதியில் போனார், யாரைப் பார்த்தார், பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன சொன்னது என்று நேர்மையாக எழுதி வைத்த அலுவலருக்கு அந்த அறிக்கையே துணை நிற்கும். வீட்டில் உட்கார்ந்தபடி எழுதியவர்தான் பயப்பட வேண்டும்.

மண்டல நன்னடத்தை அலுவலராகப் பதவி உயர்ந்தால் வேலை எளிதாகிவிடும் என்று உங்கள் உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை அம்மா, பொறுப்பு அங்கேதான் கனக்கும். தான் பார்க்காத வீட்டைப் பற்றி இன்னொருவர் எழுதிய அறிக்கையைப் படித்து, அது நம்பத்தக்கதா என்று அவர் சொல்ல வேண்டும். 'ஊரில் எதிர்ப்பு உள்ளது, பரிந்துரைக்க இயலாது' என்று ஒற்றை வரியில் ஒரு அறிக்கை மேசைக்கு வரும். எதிர்ப்பது யார்? பாதிக்கப்பட்டவர்களா, சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளியா? அதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால், தகுதியான ஒருவர் தன் பிள்ளையின் சேர்க்கைக்கு வர முடியாமல் போகும். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் உண்மையான பயத்தைக் கவனிக்காமல் விட்டால் அது அதைவிடப் பெரிய தவறு. அறிக்கை சரியில்லை என்றால் அலுவலரை மறுபடியும் ஊருக்கு அனுப்பும் துணிவு மேலே இருப்பவருக்கு வேண்டும்.

காலமும் முக்கியம். அறுவடைக்குக் கேட்ட விடுப்பு, நெல் களத்தைவிட்டுப் போன பிறகு கிடைத்து என்ன பயன்? எந்த மனு முதலில் போக வேண்டும், எந்த ஊருக்கு யார் போவது என்று தினமும் பிரித்துக் கொடுக்க வேண்டும். பீஞ்சமந்தை, புதூர்நாடு போன்ற மலை ஊர்களுக்குப் போய்த் திரும்பவே ஒரு பகல் ஓடிவிடும். அங்கே ஒரு பெண் அலுவலரை மாலையில் தனியாக அனுப்பலாமா என்பதையும் மண்டல அலுவலர்தான் யோசிக்க வேண்டும். தமக்குக் கீழே வேலை செய்பவர்களின் பாதுகாப்பையும் ஆயாசத்தையும் நினைக்கிற மேலதிகாரி அமைந்தால்தான் நல்ல அறிக்கைகள் வரும். உங்கள் மகள் ஒருநாள் அப்படிப்பட்ட அதிகாரியாக வேண்டும் என்பது என் ஆசை.

சரி, தேர்வு விஷயம். இந்தப் பணியிடத்தை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 அறிவிக்கைகளில் பார்க்கலாம். முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளைத் தாண்ட வேண்டும். பணியிடங்கள் குறைவு. தரவரிசைப்படி கலந்தாய்வில் துறையைத் தேர்ந்தெடுப்பதால், இது ஒன்றுதான் வேண்டும் என்று உட்கார்ந்திருப்பது சரியில்லை. சார்பதிவாளரோ உதவித் தொழிலாளர் ஆய்வாளரோ கிடைத்தாலும் ஏற்கிற மனதோடு எழுதட்டும். அந்த ஆண்டு அறிவிக்கையில் வயதும் தகுதியும் எப்படிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன என்பதை மகளே வரிவரியாகப் படிக்கட்டும். கோச்சிங் சென்டர்காரர் சொன்னார் என்று விட்டுவிட வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்களைப் பற்றி இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை கொடுப்பதும் நன்னடத்தை அலுவலரின் வேலை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் இதற்கான ஒப்பந்தப் பணிகள் அவ்வப்போது வரும். சம்பளமும் பணிப் பாதுகாப்பும் குறைவுதான். ஆனாலும் குரூப் 2க்குப் படித்துக்கொண்டே ஓரிரு வருடம் செய்தால், அறிக்கை எழுதும் கை பழகிவிடும்.

இப்போதைக்கு ஒன்று செய்யச் சொல்லுங்கள். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும், இலவசச் சட்ட உதவி செய்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்கு எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று நேரில் போய் விசாரிக்கட்டும். எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களும் அதில் சேரலாம். சிறையில் இருப்பவர்களின் குடும்பம் எப்படித் தவிக்கிறது என்று அங்கே பக்கத்திலிருந்து பார்ப்பாள். இந்த வேலை தனக்கு ஆகுமா என்பது சில மாதங்களில் அவளுக்கே தெரிந்துவிடும். அப்புறம் அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது அவள் எழுதிய களப்பணி அறிக்கை இரண்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள், பெயர்களை அடித்துவிட்டு. அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள்.