எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்

கேள்வி: சர்வேக்களில் ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்று சொல்பவர்கள் கேரளாவில்தான் அதிகமாம், பீகாரில் ரொம்பக் குறைவாம். எங்கள் ஊரிலும் கேட்டால் யாரும் நோய் என்று சொல்ல மாட்டார்கள். அப்படியானால் மலையாளிகளைவிட நாங்கள் திடமானவர்கள்தானே? (பென்னாகரம் வாசகர்)

பதில்: இல்லை. சராசரி ஆயுளில் முன்வரிசையில் நிற்பதும் அதே கேரளாதான், அதையும் சேர்த்துப் பாருங்கள். 2002-ல் ஒரு மருத்துவ இதழில் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதைத்தான் எடுத்துக் காட்டினார். நாலெழுத்துப் படித்து, பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இருந்து, தன் பிரஷர் எவ்வளவு என்று தெரிந்தவர்தான் ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்பார். பிரஷரே பார்க்காதவர் என்ன சொல்வார்?

நம் தர்மபுரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றிலும் போர்வெல்லிலும் வரும் தண்ணீரில் ஃபுளோரைடு, அதைக் குடித்தே வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை, வயதாக ஆக மூட்டும் முதுகும் விறைத்துக்கொள்ளும்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இதற்காகத்தான். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பாட்டியிடம் உடம்பு எப்படி என்று கேட்டேன். திண்ணையிலிருந்து எழ, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்து, பாதியில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி, அப்புறம்தான் நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் சொன்னார்: “எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்.” மனதாரத்தான் சொன்னார். தெருவில் எல்லாருக்கும் அதே முட்டிவலி என்றால் அதை வயசு என்பார்களே தவிர, நோய்க் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944-ல், கல்கத்தா பக்கம் சிங்கூரில் ஒரு சர்வேயில் உடம்பு எப்படி என்று கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை, சுமார்தான் என்றார்கள்; கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னது வெறும் 2.5 சதவீதம். அந்தப் பெண்களுக்குத் தன் உடம்பைப் பற்றி நினைக்கவே வீட்டில் இடம் இருந்திருக்காது. தமிழ்நாட்டில் 2019-21-ல் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. கிறுகிறுப்பு வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் களி கிண்டப் போகிறவர்கள் இவர்கள்.

சரி, அதற்காகக் கேட்பதே வீண் என்று நினைக்காதீர்கள். 27 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 1997-ல் வந்த ஒரு கட்டுரையில், தன் உடம்பு மோசம் என்று சொன்னவர்கள் சீக்கிரம் இறந்தது பெரும்பாலான ஆய்வுகளில் தெரிந்தது. அதனால் மலையாளியின் புகாரைக் கேலி பேச வேண்டாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீடு தேடி வந்தே பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்க வரும் அக்கா அடுத்த முறை வரும்போது, உங்கள் வீட்டில் ‘எனக்கென்ன’ என்று சொல்பவரைத்தான் முதலில் கையை நீட்டச் சொல்லுங்கள்.