நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான பொதுச் சுகாதாரத் திட்டங்கள் எச்ஐவி சிகிச்சைத் திட்டங்களிடமிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம்?

கேள்வியைப் பார்த்ததும் பொதுச் சுகாதாரம் படிக்கிற யாரோ அசைன்மென்ட்டுக்காகக் கேட்கிறார் என்று தோன்றியது. அப்படியென்றால் "ஒருங்கிணைந்த சேவை, சமூகப் பங்கேற்பு" என்று இரண்டு பக்கம் எழுதினால் மார்க் வந்துவிடும். என் பதில் அதற்கு உதவாது. நான் டாக்டரும் இல்லை. 2007 முதல் 2011 வரை தமிழ்நாட்டில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் ஏஆர்டி மையத்தில், அதாவது எச்ஐவிக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் இடத்தில், ஆலோசகராக இருந்தேன். கல்யாணமாகி சிங்கப்பூர் வந்த பிறகு பார்ப்பது கணக்கு வேலை. "இதைச் சொல்ல நீ யார்?" என்று கேட்க நினைப்பவர்கள் இத்தோடு அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

இந்தியாவில் எச்ஐவி முதலில் தெரியவந்தது 1986ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1ல்; முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. எல்லாரும் இந்த மருந்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்குக் கேட்டால், அந்தத் திட்டத்தின் உயிர் மருந்தில் இல்லை, சாயங்காலம் மேஜையில் மிச்சமிருக்கும் அட்டைகளில் இருந்தது.

ஒவ்வொரு நோயாளிக்கும் எங்களிடம் ஒரு வெள்ளை அட்டை, அவர் கையில் ஒரு பச்சைப் புத்தகம். அன்றைக்கு மாத்திரை வாங்க வேண்டியவர்களின் அட்டைகளைக் காலையிலேயே எடுத்து அடுக்கிவிடுவோம். ஆள் வர வர அட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். நாலு மணிக்கு எத்தனை அட்டை நகராமல் கிடக்கிறதோ, அத்தனை பேர் "மிஸ்". அந்தக் கட்டு என் மேஜைக்கு வரும். போன் போடுவேன். பாதி நம்பர் பக்கத்துக் கடைக்காரருடையது, கால்வாசி பொய் நம்பர். போனில் பிடிபடாதவர்களைத் தேடி, எச்ஐவி உள்ளவர்களே நடத்தும் பாசிட்டிவ் நெட்வொர்க்கிலிருந்து வந்த ஓர் அக்கா பஸ் ஏறிப் போவார். அவருக்கும் எச்ஐவி உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று எந்த வீட்டிலும் சொன்னதில்லை. "மகளிர் குழு லோன் விஷயமா பார்க்க வந்தேன்" என்பார். வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தெருமுனை வரைக்கும் கூட வரச் சொல்லி, அங்கே வைத்துத்தான் பேச்சு. மறுவாரம் அந்த ஆள் மையத்தில் நிற்பார்.

நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ இப்படி யாராவது உங்களைத் தேடி வந்திருக்கிறார்களா?

ஆள் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை நான் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். கட்டட வேலை செய்யும் ஒரு பெண்மணி. மாதா மாதம் மிச்ச மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி மேஜையில் கொட்டி எண்ணுவோம். அவருடைய எண்ணிக்கை ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஆனால் சிடி4 மட்டும், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இறங்கிக்கொண்டே போனது. மூன்று மாதம் கழித்து அந்த அக்காவிடம்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார்: கணக்கில் கூடுதலாக இருக்கும் மாத்திரையை உள்ளே வரும் முன்பே ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் கொட்டிவிடுவாராம். ஏன்? முதல் தடவை ஒன்பது மாத்திரை மிச்சம் இருந்தபோது நான் எல்லார் முன்னாலும் திட்டியிருந்தேன். எனக்கு அது ஞாபகமே இல்லை. சைட்டில் மேஸ்திரி கண்ணில் படாமல் பகல் மாத்திரையைப் போட வழி இல்லை என்பதுதான் சிக்கல். நேரத்தை மாற்றி, விடிகாலையில் வீட்டிலேயே போடும்படி செய்தோம். அவ்வளவுதான் வைத்தியம்.

இனி சிங்கப்பூர். என் மாமனாருக்கு வயது 73, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் சமையலறை மேல் தட்டைச் சுத்தம் செய்தபோது ஒரு மைலோ டின் கனமாக இருந்தது. திறந்தால் சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு ஒழுங்காகக் கட்டி வைத்தவை. எண்ணிப் பார்த்தேன், பழைய பழக்கம். ஏழு மாத மாத்திரை.

"மாமா, இது என்ன?"

"அது வயித்தைக் கலக்குதும்மா. அங்கே சொன்னா ஏசுவாங்க."

கடைசியாகப் பரிசோதனைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் போய்க்கொண்டிருந்த இடத்தின் பெயர் வேண்டாம். அங்கிருந்து ஆங்கிலத்தில் இரண்டு எஸ்எம்எஸ் வந்திருந்தது, பிறகு அதுவும் இல்லை. பரிசோதனைக்குப் போகும் வாரம் மட்டும் பிராட்டாவை (நம்மூர் பரோட்டா) விட்டு, கோப்பி ஓ கொசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி, குடித்து உத்தமராக இருப்பார். ஆனால் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை மூன்று மாதச் சர்க்கரையின் கதையைச் சொல்லிவிடுமே. 10.4. அந்த எண் என்னவென்று அவரைக் கேட்டேன், தெரியவில்லை. எங்கள் மையத்தில் எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிகூட "எனக்கு நானூத்திப் பன்னெண்டு மேடம்" என்று தன் சிடி4ஐச் சொல்லும்.

சிங்கப்பூரை மட்டம் தட்டுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். இங்கேயும் எச்ஐவிக்குப் பெரிய வரலாறு உண்டு. முதல் நோயாளி 1985ல். 1988லேயே ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள், பெயர் கேட்காமல் பரிசோதிக்கும் ஏற்பாட்டை வருஷக்கணக்காக நடத்துகிறார்கள். 2019ல் திறந்த தேசியத் தொற்றுநோய் நிலையத்தில் 330 படுக்கை. ஆனால் எச்ஐவி மருந்துக்கு அரசு மானியம் வந்தது 2020 செப்டம்பரில்தான். அதற்கு முன் விலை தாங்காமல் பேங்காக் போய் வாங்கி வந்தவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நம் தாம்பரம் முந்திக்கொண்டது என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைக்கவில்லை. இன்னொன்று. வேலை அனுமதிச் சீட்டுக்கான மெடிக்கலில் எச்ஐவி தெரிந்து ஊருக்கு அனுப்பப்பட்ட ஒருவர் எங்கள் மையத்துக்கு வந்திருந்தார். தேக்கா என்ற பெயரை, இங்கே லிட்டில் இந்தியா பகுதியை நம்மவர்கள் சொல்லும் பெயர், நான் முதலில் கேட்டது அவர் வாயால்தான்.

பதிவேடு வைத்துத் தேடுவதில் ஆபத்தும் இருக்கிறது. 2019 ஜனவரியில் இங்கே எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தது வெளியே வந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு எங்கள் வெள்ளை அட்டை அலமாரிதான் கண் முன்னால் நின்றது, அதற்கு ஒரு சின்னப் பூட்டு. அக்காவின் "மகளிர் குழு லோன்" பொய் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"எச்ஐவிக்கு வெளிநாட்டுப் பணம் கொட்டியது, நீரிழிவுக்கு யார் தருவார்?" என்று அடுத்து வருவீர்கள். கொட்டியது உண்மை. 2002ல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான குளோபல் ஃபண்ட், 2003ல் அமெரிக்க அரசின் எய்ட்ஸ் நிதித் திட்டமான பெப்ஃபார். எங்கள் நோயாளிகள் ஆலோசகரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, பக்கத்து ஓபியில் சர்க்கரை நோயாளிகள் நின்றபடியே சீட்டு வாங்கிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அது அநியாயம்தான். ஆனால் அக்கா ஏறிய டவுன் பஸ்ஸுக்கு எத்தனை டாலர் ஆகியிருக்கும்? 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே போகிறதென்றால், செய்ய முடியாத காரியம் இல்லை என்றுதானே அர்த்தம்? சிங்கப்பூரிலும் 2023ல் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டம் வந்து, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்களுக்கென ஒரு டாக்டரிடம் பதிந்துகொள்ளலாம் என்றாகியிருக்கிறது. நல்ல திசை. நாலு மணிக்கு நகராத அட்டை யார் மேஜைக்குப் போகிறது என்பது மட்டும்தான் என் கேள்வி.

சம்பந்தமில்லாமல் ஒன்று, சொல்லாவிட்டால் தூக்கம் வராது. வீட்டுக்கு வந்த ஒரு நீரிழிவுத் துண்டுப் பிரசுரத்தில் தமிழ் இருந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். மெய்யெழுத்துப் புள்ளி எல்லாம் உதிர்ந்து "சரககரை" என்று அச்சாகியிருந்தது. மாமா அதை அப்படியே சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தார். நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று ஐயா! அச்சுக்குப் போகும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்ட எவ்வளவு நேரமாகும்? பள்ளியில் என் மகள் ஒற்றுப் பிழை விட்டால் மதிப்பெண் போகிறது.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். நான் திட்டவில்லை. டின்னோடு டாக்டரிடம் கூட்டிப்போய் வயிற்றுத் தொல்லையைச் சொல்ல வைத்தேன். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார், சாப்பாட்டோடு போடச் சொன்னார். எதிர் வீட்டு மலாய்க்காரப் பாச்சிக்குக்கும் (மலாயில் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இதே வியாதி. இருவருக்கும் ஒரே நாளில் அப்பாயின்ட்மென்ட் கேட்டு வாங்கினேன். கீழே கோப்பிக் கடையில் ஒருவர் எண்ணை ஒருவர் விசாரிக்கிறார்கள். மாமாவுக்கு இப்போது 8.3. பாச்சிக் 7.6 என்பதில் அவருக்கு இன்னும் சந்தேகம். பேப்பரைக் காட்டச் சொல்லி நச்சரிக்கிறார்.